அலேகோக்காரி தின்ற கல்

கிசுமு,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் அக்கோத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கோழிகள் சுகம், பக்கத்து வீட்டு ரேடியோவும் எங்கள் போதாத காலத்துக்கு நல்ல சுகத்தோடுதான் அலறிக்கொண்டிருக்கிறது. அங்கே சாஸ்கட்டூன் குளிரில் நீயும், மாப்பிள்ளை ஓலூச்சும், உன் வயிற்றுக்குள் பந்தாடிக்கொண்டிருக்கும் என் பேத்தியோ பேரனோ அதுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரைத் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். நீ துணி முடிச்சை அவிழ்த்துத் தேடியது வேறு, கைக்கு வந்திருப்பது இந்தக் காகிதம். கோபம் வந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் உன் அம்மாவுக்கு இன்னும் அதிகமாக வந்திருக்கும், ஏனென்றால் அந்த முடிச்சைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து வந்தவள் அவள், உள்ளே நான் செய்த மாற்றம் அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருமாக என்னைத் திட்டுவதைக் கடிதம் முடியும் வரை ஒத்திவையுங்கள். நீ முதலில் உட்கார், காலைத் தூக்கி எதன்மேலாவது வை. அம்மாவைப் பால் தாராளமாக விட்டு டீ போடச் சொல். அவள் அடுப்படிக்குப் போகும் நேரத்தில் நீ பாதியாவது படித்துவிடலாம்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி கரையேறிப் பார்க்கிறது, மீன்காரிகள் விலையை ஏற்றிவிட்டு வெள்ளத்தின் மேல் பழி போடுகிறார்கள். நம் கால்பந்து அணி கோர் மாஹியா போன வாரம் தோற்றுவிட்டது, அதைப் பற்றி நான் பேசத் தயாராக இல்லை. சர்ச் பாடகர் குழுவில் என்னைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், குரல் நடுங்குகிறதாம். நடுங்குவது அவர்களுடைய காது என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது உன் அம்மா விழுந்த கதையை. போனில் உனக்குக் கிடைத்தது "காலு தடுக்கிடுச்சும்மா, அவ்வளவுதான்" என்ற ஒற்றை வரி. நான் வாயைத் திறக்கும் முன் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உன் வயிற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வீட்டில் போன் என் பெயரில் இருக்கிறது, பேச்சு அவள் பெயரில் இருக்கிறது, உனக்குத் தெரியாததா.

பிரஷர் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். உன் பெரியம்மா மிக்கல் பிரஷர் ஏறி ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்ததும், உன் அம்மாதான் தன் பிறந்த ஊர் அலேகோவுக்கும் இங்கேயுமாக அலைந்து கடைசி வரை அவளுக்குச் சோறூட்டியதும் நீ அறிந்ததுதான். அதனால் தனக்கும் பிரஷர் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா மாத்திரையை ஜெபத்தைவிட ஒழுங்காகப் போடுவாள். ஜெபத்தையாவது தூக்கக் கலக்கத்தில் விட்டிருக்கிறாள், மாத்திரையை விட்டதில்லை. அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. அப்போது இருந்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தார், அதற்கும் இறங்கவில்லை. மறுபடியும் கூட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "நெஜமாவே மாத்திரை போடுறீங்களா, இல்ல வீட்டுக்குப் போயி கோழிக்குப் போடுறீங்களா?" என்று கேட்டாராம். உன் அம்மா அன்று வீடு வந்து சேர்ந்த கோபத்தில் உகாலிக் களி கிண்டியதில் கரண்டி உடைந்தது. அவள் மாத்திரை போடுவதற்கு நான் சாட்சி. ஒவ்வொரு காலையும் என் கண் முன்னாலேயே விழுங்குவாள். விழுங்கிவிட்டு, கசப்புப் போக என்று அடுப்படிக்குள் போவாள். உள்ளே கறுக் முறுக்கென்று ஏதோ மெல்லும் சத்தம் கேட்கும். வறுத்த சோளமாக்கும், பல்லில்லாத கிழவனுக்கு எதற்கு நீட்ட வேண்டும் என்று விட்டுவிடுகிறாள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய முன்பல் ஒன்று உடைந்தது. என்ன ஆச்சு என்றேன். ஒமேனா மீன் முள்ளு என்றாள். ஒமேனா விரல் நீளம்கூட இல்லாத மீன், அதன் முள் பூனைக்குட்டியின் தொண்டையில்கூடச் சிக்காது. ஒமேனாவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட முதல் மனுஷி இந்த ஏரிக்கரையில் நீதான் என்று நான் சிரித்ததற்கு இரண்டு நாள் எனக்கு வெறும் சுக்குமா கீரைதான் கிடைத்தது. அவளுடைய கவலை விசா போட்டோ. பல்லில்லாமல் சிரித்தால் கனடாக்காரன் உள்ளே விடமாட்டான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பல்லைக் கட்டி, தலைமுடி பின்னி, சிங்காரித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனால், விசா போட்டோவில் சிரிக்கவே கூடாது, வாயை மூடுங்கள் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். அவள் முகம் போன போக்கைத்தான் நீ அந்தப் போட்டோவில் பார்த்தாய், எல்லோரும் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று கேட்டீர்களே, அதுதான் காரணம். ஆனால் பல் உடைந்த அன்று அவள் கர்த்தருக்கு ஏதோ ஒரு பொருத்தனை செய்திருக்கிறாள். என்ன பொருத்தனை என்று என்னிடம் சொல்லவில்லை. காலையில் அந்தக் கறுக் முறுக்குச் சத்தம் நின்றுபோனதை நானும் கவனிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சேவல் வந்தது, சாதாரணச் சேவல் இல்லை, சிவப்பில் கறுப்பு வால் வைத்து ராஜா மாதிரி இருந்தது. சர்ச் மேளக்காரன் மனைவி விலையை ஏற்றிக்கொண்டே போனாள். அவளுக்கும் உன் அம்மாவுக்கும் இருக்கும் பாசம் உனக்குத் தெரியும். உன் அம்மா விடுவாளா. சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யாரு கேக்குறது? எனக்குத்தான்!" என்று சட்டென்று எழுந்தாள். எழுந்தவள் எழுந்த வேகத்திலேயே மரம் சாய்வதுபோல் முன்னால் சாய்ந்து, சேவலுக்கு மேலேயே குப்புற விழுந்தாள். சபையார் என்ன செய்தார்கள் தெரியுமா. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று அல்லேலூயா போட்டுக் கை தட்டினார்கள். மேளக்காரன் அடித்த அடியில் கூரை அதிர்ந்தது. சேவல் கீழேயிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்து பீடத்தின் மேல் ஏறிக் கூவியது. நான் மட்டும் அவள் கையைப் பிடித்தேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. அக்கோத், அந்த நேரத்தில் எனக்குப் பாட்டும் கேட்கவில்லை, மேளமும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு சண்டை போட்டவள் ஒரு வார்த்தை திட்டாமல் கிடந்தாள். நான் சத்தம் போட்டு அழுதேன், அதையும் சிலர் ஆவியின் வேலை என்றுதான் நினைத்தார்கள்.

கால்களைத் தூக்கிப் பிடித்ததும் கண் விழித்தாள். விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "சேவல் யாருக்குப் போச்சு?" அதில் பாதி உயிர் எனக்குத் திரும்பி வந்தது. டுக்-டுக் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம், பிரஷரை அளந்தார்கள், தரையோடு தரையாகக் கிடந்தது. கூரையிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அதே பிரஷர்தான். ஊசியும் தண்ணீரும் ஏற்றிச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கண்ணேறு என்றாள் ஒருத்தி. மேளக்காரன் மனைவி ஏதோ வைத்துவிட்டாள் என்றாள் இன்னொருத்தி, அதைச் சொன்ன வாயோடு மேளக்காரன் மனைவி கொண்டுவந்த சூப்பையும் குடித்துவிட்டுப் போனாள். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். "என்னைத் தள்ளிவிட்டது இந்த மாத்திரைதான். இனி ஒண்ணுகூட வாயில வைக்க மாட்டேன். செத்தா செத்துட்டுப் போறேன்" என்று டப்பாவை அலமாரியின் மேல் எறிந்துவிட்டாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், உன் பெரியம்மா மிக்கல் கிடந்த கிடையை ஞாபகப்படுத்தினேன். "அவ மாத்திரை போடாம விழுந்தா, நான் மாத்திரை போட்டு விழுந்தேன், இதுல நீங்க எதைச் சொல்ல வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். சில நாளிலேயே பிரஷர் பழையபடி கூரைக்கு ஏறிவிட்டது. விசா வந்துவிட்டது, டிக்கெட் வந்துவிட்டது, நீ அங்கே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாய், இவளோ இங்கே மாத்திரை போட்டாலும் விழுவாள், போடாவிட்டாலும் விழுவாள் என்ற நிலையில் சேவலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், சேவல் எங்களுக்குத்தான் வந்தது. மேளக்காரன் மனைவி விட்டுக்கொடுத்துவிட்டாள்.

கிளினிக்கில் பழைய டாக்டர் மாற்றலாகிப் போய், ஜெரோட்டிச் என்று கெரிச்சோ பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். நம் மொழி அரைகுறைதான், ஆனால் கூச்சமில்லாமல் பேசுவாள், தப்பாகப் பேசிவிட்டு நம்மோடு சேர்ந்து தானும் சிரிப்பாள். மருந்து மாறிப்போய், ஒன்றோடொன்று மோதி ஆட்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு வழி செய்திருக்கிறாள். மாதத்தில் ஒரு நாள் பை நாள். வீட்டில் இருக்கும் மருந்து, மாத்திரை, கஷாயம், தைலம், வாயில் போடுவது தேய்ப்பது எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். மாமரத்தடியில் மேசை போட்டு ஒவ்வொருவருடைய பையையும் கவிழ்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துக் கொடுப்பாள். உன் அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்து, மேளக்காரன் மனைவி இரண்டு பை நிறையக் கொண்டுபோகிறாளாம் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை உன் அம்மா மூன்று பையோடு வாசலில் நின்றாள்.

அந்த மரத்தடியை நீ பார்த்திருக்க வேண்டும், தேர்தல் கூட்டம் மாதிரி இருந்தது. ஒருவர் தன் மாட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தையும் கொண்டுவந்திருந்தார், அவ்வப்போது தானும் ஒரு மடக்குக் குடிப்பாராம். ஒரு பெண்ணின் பையில் மூன்று டப்பா, மூன்று வேறு கடை, மூன்று வேறு பெயர், உள்ளே இருந்தது ஒரே மருந்து. மூன்றையும் மனப்பூர்வமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வயிறு எரிகிறது என்று நாலாவது வாங்கத்தான் வந்திருந்தாள். ஜெரோட்டிச் யாரையும் திட்டவில்லை. "நல்லவேளை கொண்டு வந்தீங்க" என்பதை மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். உன் அம்மாவின் முறை வந்ததும் மூன்று பையும் கவிழ்ந்தன. மாத்திரைகள், இருமல் மருந்து, முழங்கால் தைலம், மன்யாசி கஷாயம்கூட ஒளிக்காமல் கொண்டுவந்திருந்தாள். ஜெரோட்டிச் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், பழைய அட்டையைப் புரட்டினாள், பேனாவைக் கடித்தாள். பிறகு கேட்டாள், "அம்மா, ஈஸ்டருக்கு முன்னாடி இத்தனை மாத்திரைக்கும் உங்க பிரஷர் அசையல. ஈஸ்டருக்கு அப்புறம் அதே மாத்திரை உங்களைத் தூக்கிப் போட்டிருக்கு. மாத்திரை மாறல. அப்ப உங்ககிட்ட மாறினது என்ன?" உன் அம்மா சர்ச்சில் பாடும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே மாறலம்மா" என்றாள்.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல், "என்னது, ஒண்ணுமே மாறலையா?" யாரென்று பார்த்தால் செல்ஃபா. கிபுயே சந்தையில் உப்பு வியாபாரிகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஒடோவாக் கல் விற்பவள், கெம் ஊர்க்காரி, நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. தன் பையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள். "ஏ அலேகோக்காரி! ஈஸ்டரிலேருந்து நீ என் கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. வாராவாரம் பை நிறைய ஒடோவா அள்ளிட்டுப் போனவ. நான் எடையில கை வச்சேனா? இல்ல ஈரக் கல்லைக் குடுத்தேனா? வேற எவகிட்ட வாங்குற, இப்பவே சொல்லு, தெரிஞ்சுக்கிறேன்!" மரத்தடியே சிரித்தது. மசக்கையில் பெண்கள் மெல்லும் அந்தச் சாம்பல் நிற மண்கல்லை, நீ பிறந்ததோடு உன் அம்மா விட்டுவிட்டாள் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். "வறுத்த சோளமா?" என்று நான் கேட்டேன். "வாயை மூடுங்க" என்றது கைப்பை.

ஜெரோட்டிச் மட்டும் சிரிக்கவில்லை. எப்போது தின்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். மாத்திரை விழுங்கின கையோடு, கசப்புப் போக, என்றாள் உன் அம்மா. பல்லை உடைத்ததும் இந்தக் கல்தான், இனித் தொடுவதில்லை என்று அன்றே பொருத்தனை செய்ததையும் ஒப்புக்கொண்டாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். "இந்தக் கல்லு வயித்துக்குள்ள போயி மருந்தைப் புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்கு விடாது. நீங்க போட்ட மாத்திரையில பாதிக்கு மேல கல்லுதான் தின்னிருக்கும்னு நினைக்கிறேன். பிரஷர் இறங்கலன்னு நாங்க கூட்டிக் கூட்டிக் குடுத்தோம். நீங்க திடீர்னு கல்லை நிறுத்தினீங்க. அவ்வளவு மருந்தும் ஒரேயடியா உங்க மேல விழுந்திருச்சு. இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், அளந்து பாத்துத்தான் சொல்லணும். ஆனா எல்லாம் ஒத்துப்போகுது." பிறகு, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். உன் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். "என்ன மருந்து சாப்பிடுறேன்னு கேட்டீங்க, சொன்னேன். இது மருந்தில்ல. என்ன சாப்பாடுன்னு கேட்டீங்க, சொன்னேன். இது சாப்பாடும் இல்ல. கல்லு தின்னியான்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள். ஜெரோட்டிச், "இல்லம்மா, கேக்கல. தப்பு எங்க பக்கம்தான்" என்றாள். அப்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கைப்பையைத் திறந்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மேசைமேல் கல்லை எடுத்து வைத்தார்கள். மேளக்காரன் மனைவி வைத்தது முழங்கை அளவு இருந்தது. கடைசியில் எங்கள் சபை மூப்பர் இருமிக்கொண்டே வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து, வீட்டுக்காரிக்கு வாங்கினது என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். மூலையில் கடித்த பல் தடம் பெரிதாக இருந்தது.

மாத்திரையை வெகுவாகக் குறைத்தாள் ஜெரோட்டிச். எறிந்த டப்பாவை அலமாரி மேலிருந்து உன் அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். ஜெரோட்டிச் அடிக்கடி கூப்பிட்டு அளந்தாள். இப்போது பிரஷர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, பிளேன் ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். உன் அம்மா மறுபடியும் என்னோடு சண்டை போடுகிறாள், இரண்டு முறை கரண்டியை வீசினாள், எனக்குப் பரம சந்தோஷம். கிளினிக் மேசையில் பிரஷர் மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு ஒடோவாக் கல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. யார் வந்தாலும் ஜெரோட்டிச் அதைத் தொட்டுக் காட்டி, இது உண்டா என்று கேட்கிறாள். செல்ஃபா மட்டும் வியாபாரம் படுத்துவிட்டது என்று என்னைப் பார்க்கும் போதெல்லாம் முறைக்கிறாள், காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதுபோல.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. நேற்றுப் பெட்டி கட்டும்போது, நீ கேட்ட ஒமேனா, சோள மாவு, குழந்தைக்குப் பின்னிய குல்லா எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தோம். குழந்தையின் போர்வைக்கு நடுவில் கனமாக ஒரு துணி முடிச்சு. தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன இது என்றேன். "அவ கேட்டா" என்றாள். "அங்க கடையில வாங்குறது நல்லா இல்லையாம், அதுவும் தீரப்போகுதாம். வயித்துப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேக்குறா, தரமாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வருமா? அவளுக்கு என்ன பிரஷரா இருக்கு?" அவள் பேச்சில் வஞ்சமில்லை, நிறையப் பாசம்தான் இருந்தது. அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. படிக்கும் காலத்திலிருந்து நீ போடும் தைராய்டு மாத்திரை. போன மாதம் நீ போனில், ரத்தத்தில் மருந்து ஏறவே இல்லை, டாக்டர் மறுபடியும் கூட்டியிருக்கிறார் என்று சொன்னாய். அதற்கு முந்தின மாதமும் கூட்டினார்கள் என்றாய். நான் உடனே உனக்குப் போன் போட்டேன். மாத்திரை தவிர வேறு ஏதாவது வாயில் போடுகிறாயா என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா. "ஒண்ணுமே இல்லப்பா" என்றாய். உன் அம்மா மரத்தடியில் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. முகத்தையும் அப்படித்தான் வைத்திருந்திருப்பாய். மகளே, பொய் சொன்னாய் என்று நான் கோபப்படவில்லை. நம் வீட்டுப் பெண்கள் இந்தக் கல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்று சர்ச் முடிந்ததும் நேரே ஜெரோட்டிச் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள், சோப்புக் கையோடு நான் சொன்னதைக் கேட்டாள். முடிச்சைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று பதறிவிட்டாள். "சொல்லாம கொள்ளாம நிறுத்தினதாலதான உங்க வீட்டம்மா விழுந்தாங்க? மகளுக்கும் அதையே பண்ணப் போறீங்களா? அவங்க மருந்தையும் கூட்டித்தான வச்சிருக்காங்க. கல்லு நின்னா அவ்வளவும் ஏறும், நெஞ்சு படபடக்கும், வயித்துல புள்ள வேற. தின்னவும் வேண்டாம், தானா நிறுத்திட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். முதல்ல அவங்க டாக்டர்கிட்ட சொல்லட்டும். அதுவும் தள்ளிப்போடாம சொல்லட்டும்" என்றாள். நம் அலேகோக்காரி விழுந்தபோது அவளுக்குக் கீழே ஒரு சேவல்தான் இருந்தது, அதுவும் தப்பித்து ஓடிவிட்டது. நீ விழுந்தால் உனக்குக் கீழே இருக்கப்போவது என் பேரப்பிள்ளை, அதற்கு ஓட இடமில்லை. இன்று பகல் முழுக்க எனக்கு அந்த ஒரே நினைப்புத்தான்.

அதனால், உன் அம்மா தலை பின்னப் போயிருக்கும் இந்த நேரத்தில் முடிச்சை அவிழ்த்துக் கற்களை எடுத்துவிட்டு, அதே துணியில் இந்தக் கடிதத்தை வைத்துக் கட்டுகிறேன். கனம் குறைந்தது தெரியாமல் இருக்க ஒரு சோப்புக் கட்டியும் வைத்திருக்கிறேன், கோபம் ஆறியதும் குளித்துக்கொள். துணியின் மூலையில் தனியாக ஒரு சின்ன முடிச்சு இருக்கும் பார். அதில் ஒரே ஒரு ஒடோவா இருக்கிறது. எனக்கு உன்னைத் தெரியும், இதைப் படிக்கும்போதே வாயில் தண்ணீர் ஊறும். அது தின்பதற்கு இல்லை. நாளைக்கே உன் டாக்டரம்மாவிடம் போய், வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதை அவர் மேசைமேல் வை. உனக்கு வெட்கமாக இருந்தால் வாயே திறக்க வேண்டாம், கல்லைப் பார்த்து அவரே கேட்கட்டும். இத்தனை மாதம் கேட்காமல் போன கேள்வி அதுதான்.

உன் அம்மாவை அதிகம் கோபித்துக்கொள்ளாதே, அவள் கொண்டுவந்தது ஆசையில். அவளுடைய மாத்திரை நீலப் பையில் இருக்கிறது, கசந்தால் ஒரு வாய் வாழைப்பழம் கொடு. கர்த்தர் உன்னையும், வயிற்றிலிருப்பதையும், என் பேச்சைக் கேட்காத அந்த அலேகோக்காரியையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். சுகமாகப் பெற்றெடு, பெண்ணானால் மிக்கல் என்று பெயர் வை, உன் பெரியம்மாவுக்கு அது போய்ச் சேரும். டாக்டர் மேசையில் கல்லை வைத்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு போன் போடு. இந்த முறை போனைப் பிடுங்க இங்கே யாரும் இல்லை. நானும் சேவலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

உன் அன்பு அப்பா,
ஷடராக் ஓகோலா